பொங்கின மாவும் மாதம் 3,250 ரூபாயும்

மதினி டிவி வாங்கப் போகிறாராம். நேற்று ராத்திரி போன் பண்ணி, "ஒன் ஃப்ரிட்ஜ் கதை கடைசில என்னாச்சு? இஎம்ஐ-ல வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லு" என்றார். ஒரு வார்த்தையில் முடிகிற கதையா அது? முக்கால் மணி நேரம் பேசினேன். போனை வைத்ததும், இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. அடுத்து யாராவது கேட்டால் லிங்கை அனுப்பிவிடலாம், தொண்டைத் தண்ணி மிச்சம்.

எனக்கு வீட்டிலேயே மாவு வியாபாரம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஒரு நாளைக்கு நாற்பது பாக்கெட் போகும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. 2024 மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கின சனிக்கிழமை, ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். 340 லிட்டர், இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 39,000 ரூபாய். கையில் பன்னிரண்டாயிரம்தான் இருந்தது. "அதுக்கென்னக்கா, ஃபைனான்ஸ் தம்பி இங்கனதான் இருக்காப்ல" என்றார் விற்பனையாளர்.

கடைக்குள்ளேயே ஒரு மேசை. கடை விற்பனையாளர், ஃப்ரிட்ஜ் கம்பெனி டி-ஷர்ட் போட்ட பையன், ஃபைனான்ஸ் தம்பி மூன்று பேரும் ஒரே தட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அந்தத் தட்டை நான் மறக்கவே மாட்டேன். ஆதார், பான், பேங்க் பாஸ்புக், போனில் நாலு தடவை ஓடிபி, முகத்துக்கு நேரே ஒரு போட்டோ. பத்து நிமிஷத்தில் கடன் ஓகே. "12-க்கு 3 ஸ்கீம்" என்றான் தம்பி. மொத்தம் பன்னிரண்டு தவணை, தவணைக்கு 3,250. மூன்று தவணையை முன்னாலேயே கட்டிவிட வேண்டும், அது 9,750. ப்ராசஸிங் ஃபீஸ் 799. மிச்சம் ஒன்பது தவணை மாதம் 5-ம் தேதி பேங்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். வட்டி? "ஜீரோக்கா."

ஜீரோ என்று ஒன்று கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2013-லேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று, அப்படிச் சொல்லிக் கடன் கொடுக்காதீர்கள் என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வட்டியை விலைக்குள்ளேயோ, ஃபீஸுக்குள்ளேயோ, கடைக்காரர் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடிக்குள்ளேயோ ஒளித்து வைப்பதுதான் சங்கதி. அதே ஃப்ரிட்ஜை என் கண்ணெதிரே ரொக்கம் கொடுத்து வாங்கினவருக்கு 36,500-க்குப் பில் போட்டார்கள். நான் அதையும் பார்த்துக்கொண்டு முறுக்கைத் தின்றேன்.

பன்னிரண்டாம் நாள் காலை நாலரை மணி. ஃப்ரிட்ஜைத் திறந்தால் புளித்த வாடை முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் இருந்த பாக்கெட் எல்லாம் தலையணை மாதிரி உப்பியிருந்தன, இரண்டு வெடித்து மாவு காய்கறி டப்பாவுக்குள் வழிந்திருந்தது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல் மாதிரி நன்றாக இருந்தது. மேலே மார்கழி, கீழே சித்திரை.

புகார் பண்ணி நாலு நாள் கழித்து டெக்னீஷியன் வந்தார். கதவு ரப்பரைத் தடவிப் பார்த்தார். "வோல்டேஜ் பிரச்சினை மேடம். சூடா எதும் உள்ள வைக்கீங்களா?" பிறகு, "ஒரு நாள் முழுசா ஆஃப் பண்ணி வச்சுட்டு ஆன் பண்ணுங்க" என்றார். அப்படியே செய்தேன். எட்டு நாள் ஜோராகக் குளிர்ந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி மாவு பொங்கியது.

இதன் சூட்சுமம் இரண்டாவதாக வந்த வயசான மெக்கானிக் சொல்லித்தான் புரிந்தது. இந்த மாதிரி ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாகிற காயில் (சுருள் குழாய்) ஒன்றே ஒன்றுதான், ஃப்ரீசருக்குப் பின்னால் இருக்கும். ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிர்காற்றைக் குழாய் வழியாகக் கீழே தள்ளும். காயிலில் படிகிற பனியை அவ்வப்போது ஒரு ஹீட்டர் உருக்கிவிட வேண்டும். அந்த ஹீட்டரோ சென்சாரோ வேலை செய்யாவிட்டால் பனி மண்டி வழியை அடைத்துவிடும். காற்று கீழே இறங்காது. மேலே மட்டும் குளிரும். ஆஃப் பண்ணி வைத்தால் பனி உருகி வழி திறக்கும், ஒரு வாரம் ஓடும், மறுபடி அடைக்கும். அதாவது டெக்னீஷியன் வருகிற நாளில் ஃப்ரிட்ஜ் யோக்கியமாக இருக்கும். அவர் "கூலிங் ஓகே" என்று எழுதிவிட்டு, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மேடம்" என்பார். அந்த ஓடிபி-யைச் சொன்னால் புகார் தீர்ந்தது என்று அர்த்தம். இரண்டு தடவை வெகுளியாகச் சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை, "ஒரு வாரம் ஓடட்டும் தம்பி, அப்புறம் சொல்லுதேன்" என்றேன். அவர் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இருநூறு ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, பக்கத்தில் அன்றைய தினத்தந்தியை வைத்து, தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு போட்டோ. காற்றின் சூடு கதவு திறந்தால் மாறிவிடும், தண்ணீரின் சூடு சட்டென்று மாறாது. நாலைந்து டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 5, 6, 6, 8, 11, 14 என்று ஏறிக்கொண்டே போனது. அந்தப் போட்டோக்கள் பின்னால் எனக்குச் செய்த உபகாரத்தை எந்த வக்கீலும் செய்திருக்க மாட்டார்.

கடைக்குப் போனேன். முறுக்குத் தட்டைக் காணோம். "நாங்க வித்ததோட சரி, கம்பெனில பேசுங்க." கம்பெனியில், "டெக்னீஷியன் ரிப்போர்ட்ல கூலிங் ஓகேன்னு இருக்கு." ஃபைனான்ஸுக்குப் போன் போட்டால், "பொருளுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை மேடம், 5-ம் தேதி அக்கவுண்ட்ல பேலன்ஸ் வச்சிருங்க." ஒரே தட்டில் தின்றவர்கள் மூன்று திசைக்குப் போய்விட்டார்கள். பில்லின் பின்பக்கம் வேறு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

என் மகனுக்குக் கோபம். "தவணையை நிப்பாட்டும்மா, தானா ஓடி வருவானுவ." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஓடாத பொருளுக்கு எதற்குத் துட்டு? ஆட்டோ டெபிட்டை ரத்து பண்ணக் கிளம்பினவளை வாசலில் நிறுத்தியவர் எதிர்வீட்டு அண்ணாச்சி. பேங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். "ஏம்மா, கடைக்காரன் மேல உள்ள கோவத்துல ஒன் சிபிலை, அதான் கடன் மார்க்கை, நீயே வெட்டிக்கிடாதே. ஃப்ரிட்ஜ் ஒரு வழக்கு, கடன் ஒரு வழக்கு. கடன் பேப்பரை எடுத்துட்டு வா."

போனில் வந்திருந்த பதினாலு பக்க இங்கிலீஷ் ஒப்பந்தத்தை அவர்தான் படித்துச் சொன்னார். பொருளில் என்ன தகராறு இருந்தாலும் தவணை கட்டியே தீர வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. தவணை திரும்பினால் ஒவ்வொரு தடவைக்கும் அபராதம். அது போக, ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்புவது செக் பவுன்ஸ் மாதிரியே குற்றம். 2007-ம் வருஷத்துப் பணப்பட்டுவாடாச் சட்டத்தில் 25-வது பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மாதம் 3,250-ஐ முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கிற சித்தி மகள் இதைக் கேட்டுவிட்டு, "இங்கன்னா கடன் கொடுத்தவன்ட்டயே பணத்தைக் கேக்கலாமே அக்கா" என்றாள். அங்கே 1974-ம் வருஷத்து நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-வது பிரிவு என்று ஒன்று. கடையே ஏற்பாடு செய்கிற கடனில் வாங்கின பொருளின் விலை நூறு பவுனுக்கு மேல் முப்பதாயிரம் பவுனுக்குள் இருந்து, பொருள் சரியில்லை என்றால், கடைக்காரனுக்கு உள்ள பொறுப்பு அவ்வளவும் கடன் கொடுத்தவனுக்கும் உண்டு. ஒரே மேசையில் உட்கார்ந்து வியாபாரம் பண்ணினால், வம்பு வந்தாலும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். நம் சட்டத்தில் இவ்வளவு பளிச்சென்று ஒரு வரி கிடையாது. அதனால்தான் நம் ஊரில் புகார் எழுதும்போதே மூன்று பேரையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் நம் சட்டம் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் "நுகர்வோர்" யார் என்று சொல்லும்போதே, முழுப் பணம் கொடுத்தவர் மட்டுமில்லை, பாதி கொடுத்து மீதிக்குச் சொல்லியிருப்பவரும் தவணை முறையில் வாங்கினவரும் நுகர்வோர்தான் என்று எழுதியிருக்கிறார்கள். "கடன் முடியல, பொருள் ஒங்க பேர்லயே இல்ல" என்று கடைக்காரர் ஒரு பிட்டைப் போட்டார், அது செல்லாது. அப்புறம், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. பில்லின் பின்பக்க வாசகம் பழுதில்லாத பொருளுக்குப் பொருந்தலாம். என் ஃப்ரிட்ஜுக்குப் பொருந்தாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டேன். தமிழிலேயே பேசினார்கள், புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்பினார்கள். அது பேசித் தீர்த்து வைக்கிற ஏற்பாடு, உத்தரவு போடுகிற இடமில்லை. கம்பெனி அங்கேயும் "கூலிங் ஓகே" பாட்டையே பாடியது. ஜூன் 24-ம் தேதி அண்ணாச்சி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நானே கைப்பட நோட்டீஸ் எழுதினேன். வாங்கின தேதி, பில் நம்பர், ஃப்ரிட்ஜின் சீரியல் நம்பர், கடன் நம்பர், டெக்னீஷியன்கள் எழுதின மூன்று ஜாப் ஷீட், பதினாறு நாள் டிகிரி கணக்கு. "மாற்றுப் பொருள் வேண்டாம். 39,000 ரூபாயும் திரும்ப வேண்டும். கடன் எனக்குச் செலவில்லாமல் முடிக்கப்பட வேண்டும். பதினைந்து நாள் அவகாசம்." மூன்று பிரதி, மூன்று பேருக்கும், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

பதினோராம் நாள் கடையிலிருந்து மேனேஜரே பேசினார். முதல் தடவையாக என்னை "அம்மா" என்றார். புது பீஸ் மாற்றித் தருகிறோம் என்றார். அதே மாடல். பணம்? அதை மட்டும் கேட்காதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று புரியாமல் இருந்தது. புரிய வைத்தவன் அந்த ஃபைனான்ஸ் தம்பி. அதற்குள் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போயிருந்தான், மாவு வாங்க வந்த இடத்தில் மனசு விட்டுப் பேசினான். "அக்கா, நீங்க கையெழுத்துப் போட்டதும் நாங்க கடைக்கு டி.ஓ. குடுத்துருவோம். டெலிவரி ஆர்டர். அதை வச்சு எங்க கம்பெனி கடைக்குப் பணத்தைப் போட்டுரும். பொருளை மாத்துனா கடைக்கு நஷ்டம் இல்ல, பழைய பீஸ் ஃப்ரிட்ஜ் கம்பெனிக்குப் போகும், ஒங்க கடன் அப்படியே ஓடும், சீரியல் நம்பர் மட்டும் மாறும். பணத்தைத் திருப்பணும்னா கடைக்காரர் எங்களுக்குத் திருப்பி அனுப்பணும், நாங்க கடனை கேன்சல் பண்ணணும், நீங்க கட்டுன தவணையை ஒங்களுக்குத் தரணும். வந்த வழியிலேயே பணம் பின்னால நடக்கணும். அதுக்கு எவனும் சம்மதிக்க மாட்டான்." அரைக் கிலோ மாவுக்குக் காசு வாங்காமல் அனுப்பினேன்.

ஜூலை 29-ம் தேதி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் போட்டோம். நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மகன் ஆன்லைனில் ஏற்றினான். ஸ்கேன் பண்ணி, நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, பக்க நம்பர் போட்டு இன்டெக்ஸ் தயார் பண்ணுவதற்குள் அவன் பட்ட பாடு தனிக் கதை. கடை முதல் எதிர்தரப்பு, கம்பெனி இரண்டு, ஃபைனான்ஸ் மூன்று.

கம்பெனி வக்கீலின் பதிலைப் படித்தபோது கை நடுங்கியது. "புகார்தாரர் மாவு வியாபாரம் செய்கிறார். வணிகப் பயன்பாடு. வாரண்டி செல்லாது. அவர் நுகர்வோரே அல்ல." தெருவுக்கே தெரிந்த விஷயத்தை ஏதோ கள்ளக்கடத்தல் மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் சட்டத்தில் அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது: சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிகக் கணக்கில் சேராது. நான், ஒரு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ். ஆள் வைத்துக்கூடச் செய்வதில்லை. அதையே பதிலாக எழுதிக் கொடுத்தேன். வாரண்டி கார்டில் போட்டிருக்கிற நிபந்தனையை ஆணையம் எப்படிப் பார்த்திருக்கும் என்பது தெரியாமலே போயிற்று. அதற்கு முன்னாலேயே, சமரசத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள், ஐந்து நாளுக்குள் எழுத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். மூன்று பேரும் சம்மதித்தார்கள்.

சமரசத்துக்கு உட்கார்ந்த அன்று மறுபடி ஒரே மேசை. முறுக்கு மட்டும் இல்லை. கம்பெனி வக்கீல் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று ஆரம்பித்தார். நான் போட்டோக்களை வரிசையாகப் பரப்பினேன். தண்ணீர் டம்ளர், தினத்தந்தி, டிகிரி. மூன்று தடவை ஆஃப் பண்ணின பிறகு இறங்கி, எட்டு ஒன்பது நாளில் ஏறி, ரம்பப் பல் மாதிரி போனது. அவரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார்.

நவம்பர் 14. அதுவரை ஆறு தவணை போயிருந்தது, 19,500. முன்பணம் 9,750. இரண்டும் சேர்த்து 29,250 என் அக்கவுண்டுக்கு வந்தது. மிச்ச மூன்று தவணை ரத்து. ப்ராசஸிங் ஃபீஸ் 799 வரவில்லை, பாழான மாவுக்கும் ஒன்றும் வரவில்லை. ஃப்ரிட்ஜைத் தூக்க வந்த லோடுமேன் உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லாத்தானக்கா குளிருது" என்றார். முந்தின நாள் ஆஃப் பண்ணி வைத்திருந்தேன்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். ஜனவரியில் புது கிரைண்டருக்காகப் பேங்கில் ஒரு சின்னக் கடன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் அந்தக் கடனுக்கு நேராக "செட்டில்டு" என்று இருந்தது. கேட்க நல்ல வார்த்தை மாதிரிதான் இருக்கிறது. கடன் உலகத்தில் அதற்கு அர்த்தம், முழுசாகக் கட்ட வக்கில்லாமல் பேசிக் குறைத்தவள் என்பது. "க்ளோஸ்டு" என்று இருந்திருக்க வேண்டும். தவறு ஃபைனான்ஸ் அனுப்பின தகவலில். சமரசப் பேப்பரில் "கடன் முடிக்கப்படும்" என்று எழுதினோமே தவிர, எந்த வார்த்தையில் பதிவாக வேண்டும் என்று எழுத எங்களுக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

2025 ஜனவரி 6-ல் திருத்தச் சொல்லிப் புகார். இப்படிப்பட்ட புகாரை முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் விதி போட்டிருக்கிறது. பிப்ரவரி 16-ல் திருத்தினார்கள், நாற்பத்தோராம் நாள். பதினொரு நாளுக்கு 1,100 ரூபாய் என்று கணக்குப் போட்டு மெயில் அனுப்பினேன், விதியை மேற்கோள் காட்டி. "இதுக்குமா எழுதுவே?" என்றான் மகன். வந்துவிட்டது. மேலே நூறு ரூபாய் போட்டு ஒரு மூட்டை இட்லி அரிசி வாங்கினேன்.

மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சரி, ரொக்கத்துக்கு என்ன விலைன்னு மொதல்ல கேக்கேன்" என்றார்.